மீன் தொட்டிக்குச் செடி: மே மாத வெயிலையும் போர் தண்ணீரையும் எது தாங்கும்?

செடி வாங்கச் சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூருக்கு வண்டியை எடுக்கும் முன் இரண்டு எண்கள் தெரிந்திருக்க வேண்டும். மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி? வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, எவ்வளவு? இந்த இரண்டும் தெரியாமல் வாங்கும் செடி லாட்டரிச் சீட்டு மாதிரி. விழுந்தால் விழுந்தது.

இணையத்தில் கிடைக்கும் 'சுலபமான பத்துச் செடிகள்' பட்டியல்களில் பெரும்பாலானவை 24 டிகிரித் தண்ணீரை மனதில் வைத்து எழுதியவை. எழுதியவர்கள் குளிர்நாட்டில் தொட்டிக்கு ஹீட்டர் போடுகிறவர்கள். சென்னையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் கோடையில் 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அங்கே சுலபமாக வளரும் செடி இங்கே சுலபமாக வளரும் என்று நினைப்பதில்தான் பாதிக் காசு போகிறது.

வெயில் செடியை எப்படிக் கெடுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் வாயுக்கள் குறையும். 24 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.4 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும். 32 டிகிரியில் அது 7.3 தான். செடி உணவு சமைக்கத் தேவைப்படும் கார்பன் டை ஆக்சைடும் அப்படியே குறைகிறது. அதே சமயம் செடியின் சுவாசம் வேகமாகிறது. பகலில் சமைத்த சர்க்கரை ராத்திரியிலேயே தீர்ந்துபோகும். வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பம் பழைய நகையை விற்பது போல, செடி பழைய இலையைக் கரைத்துப் புதுக் குருத்துக்கு அனுப்பும். ஏப்ரல் வரை நன்றாக இருந்த செடி மே மாதம் அடியிலைகள் கண்ணாடி மாதிரி ஆகி உதிர்வதற்குக் காரணம் இதுதான். அந்தச் சமயத்தில் வெளிச்சத்தைக் கூட்டுவது, உரத்தைக் கூட்டுவது எல்லாம் பாசிக்குத்தான் விருந்து.

தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக ஒரு சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாவதால் வெப்பம் இறங்கும். காற்று வறண்ட ஊர்களில் 3 டிகிரி வரை கிடைக்கும்; கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் ஒன்றரை, இரண்டு கிடைத்தால் பெரிது. ஃபேன் ஓடும் தொட்டியில் தினம் தண்ணீர் மட்டம் இறங்கும். அந்தக் குறையை ஆர்ஓ தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்குகிறது. போர் தண்ணீராலேயே நிரப்பிக்கொண்டிருந்தால் 600 டிடிஎஸ் தொட்டி கோடை முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

இனி தண்ணீர். டிடிஎஸ் மீட்டர் பேனா அளவுதான், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். 300-க்குள் இருந்தால் கிட்டத்தட்ட எதையும் முயலலாம். 300 முதல் 700 வரை இருந்தால் கடினநீரை விரும்பும் செடிகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றுக்குக் குறைவே இல்லை. 700-க்கு மேல் என்றால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலப்பது நல்லது. முழுக்க ஆர்ஓ வேண்டாம். கால்சியமும் மக்னீசியமும் இல்லாத தண்ணீரில் புதுக் குருத்து முறுக்கிக்கொண்டு வரும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு கண்ணி இருக்கிறது. பொதுத் தொட்டிக்கு முன்னால் சாஃப்ட்னர் போட்டிருப்பார்கள். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிற இயந்திரம். சோப்பு நன்றாக நுரைக்கும், குழாயில் வெள்ளைப் படிவு இருக்காது, டிடிஎஸ் மட்டும் இறங்கியிருக்காது. அந்தத் தண்ணீரில் செடி வளராமல் நின்றால் உரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயில் பிடித்து ஆர்ஓ கலந்துகொள்ளுங்கள். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி அவசியம். அது செடியைவிட மீனுக்கும் ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும்தான்.

கடையில் கவனிக்க வேண்டியது

முதலில் தண்ணீர்ச் செடியா இல்லையா என்றே பார்க்க வேண்டியிருக்கிறது. விற்பதில் சில, செடிதான், ஆனால் தண்ணீர்ச் செடி இல்லை. லக்கி பாம்பூ என்று விற்கும் டிரசீனா, ஊதா நிறத்தில் சுருக்கம் விழுந்த இலையுள்ள ஹெமிகிராபிஸ், ஸ்பாத்திஃபில்லம், புல் மாதிரி கட்டுக்கட்டாக வரும் மோண்டோ கிராஸ், வெள்ளைக் கோடு போட்ட குளோரோஃபைட்டம் எல்லாம் மண்தொட்டிச் செடிகள். தண்ணீருக்குள் முக்கினால் ஒரு மாதம், சில சமயம் மூன்று மாதம்கூடத் தாங்கும். பிறகு வேர் கறுத்து, தண்டு கூழாகி, மீன் தொட்டியில் அம்மோனியா ஏறும். கடைத் தொட்டியில் பச்சைப்பசேலென்று நிற்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அங்கே அது வந்து நாலு நாள்தான் ஆகியிருக்கும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. செடியைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நீருக்கடியில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு கிடையாது, தாங்கும் நாரும் குறைவு. வெளியே எடுத்ததும் ஈரத்துணி மாதிரி தொங்கிவிடும். விறைப்பாக நின்று, இலையின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் அது ஒன்று மண்செடி, இல்லையென்றால் நர்சரியில் நீருக்கு மேலே வளர்க்கப்பட்ட தண்ணீர்ச் செடி. அனுபியாஸ் இதற்கு விதிவிலக்கு. அதன் இலை எங்கே வளர்ந்தாலும் தோல் செருப்பு மாதிரி கெட்டியாகத்தான் இருக்கும்.

நீருக்கு மேலே வளர்த்த செடியை வாங்குவதில் தப்பில்லை. பெரிய நர்சரிகள் அப்படித்தான் வளர்க்கின்றன: வேகமாக வளரும், பாசி பிடிக்காது, நத்தை வராது. ஆனால் அந்த இலைகள் காற்றுக்காகச் செய்யப்பட்டவை. தொட்டியில் வைத்த இரண்டு மூன்று வாரத்தில் அவை மஞ்சளாகி உதிரும், நுனியிலிருந்து மெல்லிசான புது இலை வரும். இந்த மாற்றம் தெரியாதவர்கள் செடி செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். அமேசான் ஸ்வார்டில் இது பளிச்சென்று தெரியும். நர்சரி இலை நீளக் காம்பில் கரண்டி மாதிரி இருக்கும். நீருக்கடி இலை காம்பு குட்டையாக, பட்டையாக, ஈட்டி மாதிரி வரும். பழைய இலை அழுகத் தொடங்கியதும் அடியோடு வெட்டி எடுத்துவிட்டால் போதும்.

அடுத்து, கட்டைப் பிரித்துப் பாருங்கள். தண்டுச் செடிகளை ஐந்தாறு சேர்த்து ஈயப் பட்டையால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பட்டை அழுத்திய இடம் பழுப்பாக நசுங்கியிருந்தால் அதற்குக் கீழே உள்ள தண்டு கணக்கில் சேராது, வெட்டி எறியத்தான் வேண்டும். நுனிக்குருத்து இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். கீழிலை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, குருத்து நசுங்கியிருந்தால் வேண்டாம். ரோஜாப்பூ மாதிரி நடுவிலிருந்து இலை விடும் ஸ்வார்டு, கிரிப்டோகோரைன் வகைகளில் நடுக்குருத்தை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அழுகியாயிற்று. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்றால் கிடைத்தண்டை, அதாவது வேருக்கு மேலே படுத்தபடி வளரும் தடித்த தண்டை, நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியாக இருந்தால் சரி. மெத்தென்று அமுங்கி, முகர்ந்தால் நாற்றம் அடித்தால் அந்த அழுகல் பக்கத்துத் துண்டுக்கும் பரவும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

எந்தச் செடி

நம் தண்ணீருக்கென்றே பிறந்தது வாலிஸ்னேரியா. நாடா மாதிரி நீள இலை, தொட்டியின் பின்பக்கச் சுவருக்கு ஏற்றது. கரைந்த கார்பன் டை ஆக்சைடு போதாதபோது தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறமை இதற்கு உண்டு. போர் தண்ணீரில் பைகார்பனேட்டுக்கா பஞ்சம்? மற்றவர்கள் திட்டுகிற கடினநீர் இதற்குச் சாப்பாடு. 32 டிகிரியிலும் ஓடுகொடி விட்டு மாதத்துக்கு ஐந்தாறு குட்டி போடும். இரண்டு விஷயத்தில் மட்டும் தகராறு செய்யும். நட்ட முதல் இரண்டு வாரம் பழைய இலை கரையலாம். 'லிக்விட் கார்பன்' என்று பாட்டிலில் விற்கும் குளுட்டரால்டிஹைடு இதற்கு ஆகவே ஆகாது, மொத்தத் தோட்டமும் கரைந்துபோகும்.

ஹைக்ரோஃபிலா இனம் நம் ஊருக்கு இன்னொரு உறவுக்காரன். நாட்டு மருந்துக் கடையில் விதை விற்கும் நீர்முள்ளி இதே இனம்தான். தொட்டிக்கு வருவது பாலிஸ்பெர்மாவும், வாட்டர் விஸ்டீரியா என்று அழைக்கப்படும் டிஃபார்மிஸும். இரண்டும் இந்தியத் துணைக்கண்டத்துச் செடிகள். வாரத்துக்கு ஐந்து, பத்து சென்டிமீட்டர் வளரும். புதுத் தொட்டியில் இவற்றுக்கு அழகைவிடப் பெரிய வேலை இருக்கிறது: ஃபில்டரில் பாக்டீரியா இன்னும் குடியேறாத முதல் மாதத்தில் மீன் விடும் அம்மோனியாவை உறிஞ்சிப் பாசிக்குப் போகாமல் தடுப்பது. லிம்னோஃபிலா, அதாவது கடைக்காரர்கள் அம்புலியா என்று சொல்வது, அதே வேலையை இன்னும் மென்மையான தோற்றத்தோடு செய்யும். வரப்போரத்தில் படரும் நீர்ப்பிரம்மியும் தொட்டிச் செடிதான், பக்கோப்பா என்ற பெயரில் விற்கிறார்கள். மெதுவாக வளரும், ஆனால் சாகாது.

நடுப்பகுதிக்குக் கிரிப்டோகோரைன். வெண்டியை, பெக்கெட்டியை, அண்டுலேட்டா, வாக்கரி, பார்வா எல்லாம் இலங்கைக்கே உரியவை. நிழல் பிடிக்கும், மெதுவாக வளரும், வெண்டியை 30, 31 டிகிரி வரை முகம் சுளிக்காது. இதன் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வருவது 'மெல்ட்'. இடம் மாறினாலோ, தண்ணீர் மாறினாலோ, விளக்கை மாற்றினாலோகூட இரண்டு மூன்று நாளில் எல்லா இலையும் கூழாகிவிடும். பயப்பட வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். கூழை மட்டும் சைஃபனால் உறிஞ்சி எடுத்துவிட்டு வேரை அப்படியே விடுங்கள். மூன்று நாலு வாரத்தில் மண்ணிலிருந்து ஆணி முனை மாதிரி குருத்து எட்டிப் பார்க்கும். அதை எடுத்து வேறு இடத்தில் நட்டால் கதை மறுபடி முதலிலிருந்து. கிரிப்டோவை ஒருமுறை வைத்த இடத்தில் வருஷக்கணக்கில் விட்டுவிட வேண்டும். உயரமான வகை வேண்டுமானால் இந்திய ஆறுகளில் வளரும் ஸ்பைராலிஸ், ரெட்ரோஸ்பைராலிஸ் கேட்டுப் பாருங்கள். வெயிலைத் தாங்குவதில் அவை இன்னும் கெட்டி.

கல்லிலும் மரத்துண்டிலும் ஒட்ட அனுபியாஸ் நானா. ஆப்பிரிக்கச் செடி, மாதத்துக்கு ஓர் இலை, கோல்டுஃபிஷ்கூடக் கடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். கிடைத்தண்டை மண்ணில் புதைப்பதுதான் இதைக் கொல்லும் ஒரே வழி, அதைத்தான் பாதிப் பேர் செய்கிறார்கள். வேர் மட்டும் மண்ணில் இறங்கலாம். ஃபெவிக்விக் மாதிரியான சயனோஅக்ரிலேட் பசை ஒரு சொட்டு போதும், காய்ந்தபின் மீனுக்கு ஆபத்தில்லை. ஜெல் வகை கிடைத்தால் ஒழுகாது. கறுப்பு நூலால் கட்டினாலும் சரி. நேர் வெளிச்சத்தில் வைத்தால் மெதுவாக வளரும் அந்த இலைமேல் பாசி பிடிக்கும், ஆகவே உயரமான செடியின் நிழலில் வையுங்கள். ஜாவா ஃபெர்னும் இதே மாதிரிதான் ஒட்ட வேண்டும், ஆனால் 30 டிகிரிக்கு மேல் அது சோர்ந்துவிடும், ஃபேன் இல்லாத தொட்டிக்குச் சொல்ல மாட்டேன். அதன் இலைக்கு அடியில் வரிசையாக வரும் கரும்புள்ளி நோய் இல்லை, விதைத்துகள் பைகள். அதைப் பார்த்து மருந்து ஊற்றாதீர்கள்.

கிழங்கு வகையில் கொட்டி இருக்கிறது. குளம் வற்றினாலும் போகாமல் சேற்றுக்குள் கிழங்காகக் கிடந்து மழைக்குக் காத்திருக்கும் அதே அபோனோஜீட்டன் இனம். கடையில் வருவது பெரும்பாலும் இலை விளிம்பு அலை அலையாக இருக்கும் கிரிஸ்பஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்வது. கிழங்கை முக்கால் பாகம் மண்ணுக்கு வெளியே தெரியுமாறு வையுங்கள். முழுக்கப் புதைத்தால் அழுகும். சில மாதம் மளமளவென்று வளர்ந்து, பூத்து, பிறகு இலையெல்லாம் போட்டு ஓய்வுக்குப் போகும். அந்த ஓய்வில் தூக்கி எறியப்படும் கிழங்குகள் எத்தனை! கெட்டியாக இருக்கும்வரை உயிர் இருக்கிறது, அப்படியே விடுங்கள்.

முன்பக்கம் புல்வெளி வேண்டும் என்பது எல்லாருக்கும் ஆசை. படத்தில் பார்க்கும் அந்தப் பச்சைக் கம்பளம் பெரும்பாலும் மாண்டி கார்லோ என்ற செடி, இல்லையென்றால் கியூபா என்று விற்கும் செடி. இரண்டுக்கும் சிலிண்டரில் கார்பன் டை ஆக்சைடு, பலமான விளக்கு, 26 டிகிரிக்குள் தண்ணீர் மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் இரண்டு மாதத்தில் வெறும் மண் தெரியும். அவை இல்லாத தொட்டிக்குக் குள்ள சாஜிட்டேரியா நட்டுப் பாருங்கள். கடினநீரும் சூடும் இதற்கு ஒரு பொருட்டே இல்லை, ஓடுகொடி விட்டு மூன்று மாதத்தில் முன்பக்கத்தை மூடும். உயரம் பத்து சென்டிமீட்டர் வரை போகும் என்பதுதான் குறை. இன்னும் குட்டையாக வேண்டுமென்றால் மார்சீலியா, நம் ஆரைக்கீரையின் இனம். வயல் வரப்பில் நாலு இலை விரித்து நிற்கும் அந்தச் செடி தண்ணீருக்கடியில் ஒற்றை இலையாகக் குறுகிவிடும். மெதுவாகத்தான் படரும்.

சிவப்புச் செடி ஆசையும் அப்படித்தான். கடையில் ரத்தச் சிவப்பில் நிற்கும் ரோட்டாலா மக்ராண்ட்ரா மேற்குத் தொடர்ச்சி மலைச் செடி. ஆனால் அது வளர்வது மலையடி ஓடைகளின் மென்னீரில். போர் தண்ணீரில் ஒரு வாரம் தாங்கினால் அதிசயம். சிவப்பு கட்டாயம் வேண்டுமானால் டைகர் லோட்டஸ் கிழங்கு ஒன்று வாங்குங்கள். அல்லி இனம், வெயில் பிடிக்கும், வாயு கேட்காது. மேற்பரப்புக்கு எழும் இலைகளை அவ்வப்போது கிள்ளிவிட்டால் கீழேயே செந்நிறமாகப் பரந்து நிற்கும்.

இரண்டடித் தொட்டிக்கு ஒரு கணக்கு

60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 38 உயரம் என்று வைத்துக்கொள்வோம். மண், கல் போக 55 முதல் 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் போட 9 லிட்டர், எடையில் சுமார் 14 கிலோ வேண்டும். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள சலித்த ஆற்று மணல், தண்ணீர் தெளியும்வரை கழுவியது. எம்-சாண்ட் வேண்டாம், தூள் அதிகம், முனைகளும் கூர். வெள்ளைப் பளிங்குத் துண்டு, பவளச் சில்லு, கிளிஞ்சல் கலந்த மணல் மூன்றும் தண்ணீரை இன்னும் கடினமாக்கும். சந்தேகமிருந்தால் ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் அது தொட்டிக்கு ஆகாது. தொட்டிச் செடிக்கென்றே தயாரித்து விற்கும் விலையுயர்ந்த மண்ணான அக்வாசாயில் போர் தண்ணீரில் வீண் என்பது என் கருத்து. அது பிஎச்சை இறக்குவதற்கென்று செய்யப்பட்டது. கடினநீரில் அந்தச் சக்தி சில மாதத்தில் தீர்ந்துவிடும். அதோடு முதல் சில வாரம் அம்மோனியா வேறு கசியும்.

செடிகள்: வாலிஸ்னேரியா 10, ஹைக்ரோஃபிலா அல்லது விஸ்டீரியா 12 தண்டு, அம்புலியா 8 தண்டு, கிரிப்டோ வெண்டியை 4, குள்ள சாஜிட்டேரியா 10, அனுபியாஸ் நானா 2 துண்டு. முதல் நாளே இத்தனையா என்று தோன்றும். இத்தனையும்தான். மூன்று செடி வைத்து 'வளரட்டும், பார்க்கலாம்' என்றால் மண்ணில் மிச்சமிருக்கும் இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். காசு குறைவென்றால் கிரிப்டோவையும் அனுபியாஸையும் பிறகு வாங்குங்கள், வேகமாக வளரும் தண்டுச் செடிகளில் கை வைக்காதீர்கள்.

நடும்போது தொட்டியில் கால்வாசித் தண்ணீர் மட்டும் இருந்தால் செடி மிதக்காமல் நிற்கும். ஈயப்பட்டையையும், குட்டிக் கூடைத்தொட்டியில் வந்தால் வேரைச் சுற்றியுள்ள ராக்வூல் பஞ்சையும் முழுக்க எடுத்துவிடுங்கள். தண்டுச் செடியில் அடியிலிருந்து நாலு சென்டிமீட்டர் வரை இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொரு தண்டாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு, நீளமான சிமிட்டாவால் கொஞ்சம் சாய்த்துச் செருக வேண்டும். கட்டோடு நட்டால் நடுவில் உள்ளவற்றுக்கு வெளிச்சம் போகாமல் அடியிலிருந்து அழுகிவரும். வாலிஸ்னேரியாவுக்கும் கிரிப்டோவுக்கும் வேரை நாலு சென்டிமீட்டராக வெட்டி, சற்று ஆழமாகச் செருகிவிட்டு மெல்ல மேலே இழுங்கள். வெள்ளை அடிப்பாகம் மண்ணுக்கு மேலே தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். குருத்து மண்ணுக்குள் போனால் செடி போனது.

நடுவதற்கு முன் ஒரு குளியல் தேவை. பத்து லிட்டர் வாளியில் 0.1 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட், கண்ணுக்கு வெளிர் ரோஜா நிறம், பத்து நிமிடம். கரு ஊதாவாக இருந்தால் இலை கருகும். இது கிருமிக்கும் சிறு பூச்சிக்கும். பசை மூடிய நத்தை முட்டை அதற்கு அசையாது. நத்தைக்குப் படிகாரம்: நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி தூள், இரண்டு மணி நேரம், பிறகு நன்றாக அலசல். இலைக்கு அடியில் கண்ணாடித் துளி மாதிரி ஒட்டியிருக்கும் முட்டைக் கொத்தை நகத்தால் சுரண்டி எடுப்பது இதையெல்லாம்விட நம்பகம். இறால் வளர்ப்பவர்கள் கூடுதலாக ஒரு வாரம் தனி வாளியில், தினம் தண்ணீர் மாற்றி வைக்க வேண்டும். நர்சரியில் அடித்த பூச்சிமருந்து மீனை விட்டுவிட்டு இறாலை மட்டும் கொல்லும். ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்து டிஷ்யூ கல்ச்சர் டப்பாவில் வருவதற்கு இந்தக் குளியல் எதுவும் வேண்டாம், வேரில் உள்ள ஜெல்லியைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் போதும். ஆனால் அவை பிஞ்சுகள், கோடையில் வாங்காதீர்கள்.

விளக்கு லிட்டருக்கு 20 லூமென் (வெளிச்சத்தின் அலகு, விளக்குப் பெட்டியில் போட்டிருக்கும்) அளவில், அதாவது 60 லிட்டருக்கு 1200 லூமென், நல்ல எல்இடி என்றால் 12 முதல் 15 வாட். டைமர் வைத்து முதல் மாதம் தினம் ஆறு மணி நேரம், பிறகு ஏழு, எட்டு. ஜன்னல் வெயில் தொட்டியில் விழக் கூடாது. இந்த அளவு வெளிச்சத்துக்கு மேலே சொன்ன செடிகளில் எதுவும் சிலிண்டர் கேட்காது. முதல் மாதம் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புத் தூசி மாதிரி படிவது டயாட்டம் என்ற பாசி. துணியால் துடைத்தால் போகும், தானாகவும் நின்றுவிடும்.

உரத்துக்கு அக்வேரியம் பாட்டில்தான் வேண்டுமென்பதில்லை. விவசாய இடுபொருள் கடையில் 13-0-45 என்று கேளுங்கள், அது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். முதலாவதில் 25 கிராமை அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டில், இரண்டாவதில் 2.5 கிராமை அரை லிட்டரில் இன்னொரு பாட்டில். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் 10 மில்லி. 60 லிட்டரில் அது சுமார் 5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) நைட்ரேட்டும் 3 பிபிஎம் பொட்டாசியமும் அரை பிபிஎம்முக்குச் சற்று மேல் பாஸ்பேட்டும் தரும். இரும்பு முதலான நுண்சத்துக்கு மட்டும் அக்வேரியம் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். 19-19-19 மாதிரி யூரியா, அம்மோனியம் கலந்த உரங்கள் தொட்டிக்குள் போனால் மறுநாள் மீன் மிதக்கும். கிரிப்டோ, ஸ்வார்டு, அபோனோஜீட்டன் வேரால் சாப்பிடுபவை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரூட் டேப்லெட் என்ற உர மாத்திரை ஒன்றை வேரருகே ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும்.

என்ன குறைகிறது என்பதை இலையே சொல்லும். பழைய இலையில் குண்டூசித் துளை விழுந்து ஓரம் மஞ்சளானால் பொட்டாசியம். பழைய இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் நைட்ரஜன். நரம்பு பச்சையாக இருக்க, புதுக் குருத்து மட்டும் வெளுத்தால் இரும்பு. பிஎச் 8-க்கு மேல் போகும் தண்ணீரில் இது அடிக்கடி வரும். அனுபியாஸ் இலைமேல் கெட்டியான பச்சைப் புள்ளி ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் பாஸ்பேட் போதவில்லை. கறுப்புத் தாடி மாதிரி குச்சம் தொங்கினால் அது தாடிப்பாசி. அந்தக் கல்லையோ மரத்தையோ செடியோடு வெளியே எடுத்து, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் தடவி, இரண்டு நிமிடம் கழித்துக் கழுவி வையுங்கள். நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், சம அளவு தண்ணீர் கலந்துகொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாளில் தாடி சிவந்து, பிறகு வெளுத்துவிடும்.

மீனைப் பற்றி ஒரு வரி: கோல்டுஃபிஷுக்கு மெல்லிய தண்டுச் செடி எல்லாம் கீரை, ஃபிளவர்ஹார்னும் ஆஸ்கரும் தோட்டத்தையே பெயர்த்துப் போடும், மோலி, கப்பி, டெட்ரா, ராஸ்போரா தொந்தரவில்லாதவை.

மூன்றாவது மாதத்திலிருந்து வாராவாரம் ஒரு கைப்பிடி செடி வெட்ட வேண்டியிருக்கும். அதை எங்கே போடுவது என்பது செடி வாங்கும்போதே யோசிக்க வேண்டிய கேள்வி. 2020-இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் ஓடை முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்ததைப் பார்க்க ஊரே திரண்டது நினைவிருக்கலாம். அது கபோம்பா ஃபர்கேட்டா, தென்னமெரிக்கச் செடி, உலகெங்கும் மீன்தொட்டி வியாபாரத்தில் சுற்றிவருவது. ஒரு துண்டுத் தண்டு போதும் அதற்கு. சால்வீனியா மொலெஸ்டா கேரளக் காயல்களை மூடியபோது அதைத் தின்ன ஒரு வண்டையே 1980-களில் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. ஆகாயத்தாமரையைப் பற்றி நம் ஊர் ஏரிக்கரைக்காரர்களிடம் சொல்லவே வேண்டாம். மிதவைச் செடிகளான இந்தக் கடைசி இரண்டும் தொட்டிக்கும் தேவையில்லை, கீழே உள்ள செடிக்கு வெளிச்சத்தை மறைப்பதைத் தவிர அவை வேறெதுவும் செய்யப்போவதில்லை.

வெட்டியதை வாஷ்பேசினிலோ மழைநீர்க் கால்வாயிலோ விடாமல், மொட்டைமாடியில் ஒரு தட்டில் பரப்பி, நொறுங்கும்வரை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, செம்பருத்தித் தொட்டியில் போட்டு மண்ணைக் கிளறிவிடலாம். வாரம் மாற்றும் தொட்டித் தண்ணீரையும் அதே செடிக்கு ஊற்றலாம். டிடிஎஸ் 700-க்கு மேல் என்றால் மட்டும் ஒருவாரம் விட்டு ஒருவாரம்.